அந்த இரண்டு நிமிடத்தைப் பார்த்தது யார்?

எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். அதைவிடப் பழைய வியாதி ஒன்றும் உண்டு: ஆஸ்பத்திரியில் நடக்கிற தொடர் எதுவாக இருந்தாலும் உட்கார்ந்து பார்த்துவிடுவேன். அக்காவும் அப்படித்தான். இரண்டு பேரும் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, திரையில் இருக்கும் டாக்டருக்கு முன்னால் நோயைக் கண்டுபிடிப்பதில் போட்டி போடுவோம். பெரும்பாலும் அக்காதான் ஜெயிப்பாள்.

அப்படிப்பட்ட எங்கள் வீட்டில், எங்கள் கண் முன்னால், எனக்கு இரண்டு வருடம் வலிப்பு வந்துகொண்டிருந்தது. ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்போது எனக்கு 25 வயது. திடீரென்று வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும்போது அடிவயிற்றில் ஒரு மாதிரி இருக்குமே, அது மாதிரி. கூடவே, இந்த இடம், இந்தப் பேச்சு, இந்த வெளிச்சம் எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்தது போலத் தோன்றும். அவ்வளவுதான். அடுத்து எனக்கு நினைவிருப்பது, எதிரில் இருப்பவர் ஏதோ கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது. வயிற்றுக் கோளாறு என்று நினைத்து ஒன்றரை வருடம் அசிடிட்டி மாத்திரை விழுங்கினேன்.

அக்காவின் புகார் வேறு. "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிற. வாயை சப்பு கொட்டிக்கிட்டு துப்பட்டாவை நோண்டிக்கிட்டே இருக்க. என்ன திமிரு உனக்கு?" இதை வைத்து எங்களுக்குள் எத்தனை சண்டை வந்தது என்று கணக்கே இல்லை. ஒருமுறை அவள் நான்கு நாள் என்னோடு பேசவில்லை.

டிவியில் நாங்கள் பார்த்த வலிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஆள் தடாலென்று விழுவார், உடம்பு முழுக்க வெட்டி வெட்டி இழுக்கும், மானிட்டர் அலறும், பத்து பேர் ஓடி வருவார்கள். வலிப்பு என்றால் அதுதான் என்று எங்கள் கண் பழகிவிட்டது. ஆனால் பெரியவர்களுக்கு வரும் வலிப்பில் மூளையின் ஒரு பகுதியில் மட்டும் தொடங்குகிற வகைதான் அதிகம். எனக்கு நெற்றிப் பொட்டுக்கு உள்ளே இருக்கும் பகுதி. அங்கே தொடங்கினால் ஆள் விழ வேண்டும் என்றே இல்லை. வெறித்துப் பார்ப்பார், வாயை மெல்லுவார், துணியைப் பிடுங்குவார், ஒன்றிரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். இதைக் காட்டினால் காட்சியில் விறுவிறுப்பு இருக்காது. அதனால் காட்டுவதில்லை போலிருக்கிறது.

பெரிய வலிப்பு முதன்முதலில் அலுவலகத்தில் வந்தது. எனக்கு அதில் எதுவும் நினைவில்லை. எழுதுவதெல்லாம் மற்றவர்கள் சொன்னது. நாற்காலியிலிருந்து சரிந்து இரண்டு மேசைகளுக்கு நடுவே விழுந்திருக்கிறேன். இரண்டு பேர் கைகளை அமுக்கிப் பிடித்தார்கள். ஒருவர் காலைப் பிடித்தார். இன்னொருவர் பேன்ட்ரிக்கு ஓடிப்போய் ஸ்பூன் எடுத்து வந்து, நாக்கை விழுங்கிவிடுவேன் என்று பயந்து, பல்லுக்கு நடுவே திணித்தார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. கையை அமுக்கிப் பிடித்ததில் வலது தோள்பட்டை மூன்று வாரம் வலித்தது. வலிப்பால் எனக்கு வந்த காயம் நாக்கின் ஓரத்தில் ஒரு கடி மட்டும்தான். மற்ற இரண்டும் உதவியால் வந்தவை.

ஸ்பூன் கொண்டுவந்தவர் பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை. "டிவில டாக்டரே அப்படித்தானே பண்றாங்க?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் படித்தேன்: கனடாவின் ஹாலிஃபாக்ஸில் உள்ள டல்ஹௌசி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2010இல் இதை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். கிரேஸ் அனாட்டமி, ஹவுஸ், பிரைவேட் பிராக்டிஸ் என்ற அமெரிக்க ஆஸ்பத்திரித் தொடர்கள், இ.ஆர். தொடரின் கடைசி ஐந்து சீசன்கள், மொத்தம் 327 எபிசோடுகள். அவற்றில் 59 வலிப்புகள். கிட்டத்தட்ட பாதிக் காட்சிகளில் செய்த முதலுதவி தப்பு: அமுக்கிப் பிடிப்பது, இழுப்பை நிறுத்தப் பார்ப்பது, வாயில் எதையாவது வைப்பது. அதுவும் கோட்டு போட்ட டாக்டரும் நர்ஸும் செய்வதாக. என் பல்லுக்கு நியாயம் கிடைத்தது போல ஒரு அல்ப சந்தோஷம்.

நாக்கை யாராலும் விழுங்க முடியாது. அது வாயின் அடியோடு ஒட்டியிருக்கிறது. ஓரத்தில் கடிபடும், ரத்தம் வரும், சில நாளில் ஆறிவிடும். ஆனால் பூட்டிக்கொண்ட தாடைக்குள் ஸ்பூனையோ விரலையோ விட்டால் பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகலாம், உங்கள் விரலும் போய்விடலாம். அமுக்கிப் பிடிப்பதாலும் இழுப்பு நிற்காது. அது மூளையிலிருந்து வருகிறது, கையைப் பிடித்தால் மூளைக்குத் தெரியப்போவதில்லை. மூட்டு பிசகுவதுதான் மிச்சம்.

அன்று சரியாகச் செய்தவர் ஒரே ஒருவர். எங்கள் தளத்தைச் சுத்தம் செய்யும் ஹவுஸ்கீப்பிங் அக்கா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, என் கண்ணாடியைக் கழற்றி, மடக்கிய துணியைத் தலைக்கு அடியில் கொடுத்து, பக்கத்திலிருந்த நாற்காலிகளைத் தள்ளியிருக்கிறார். இழுப்பு அடங்கியதும் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சில் வழிந்து வெளியே போகும்படி முகத்தைச் சாய்த்துவிட்டிருக்கிறார். அப்புறம் தன் சால்வையை எடுத்து இடுப்புக்குக் கீழே போர்த்திவிட்டு, "எல்லாரும் போங்க, ஒரு ஆள் இருந்தா போதும்" என்று விரட்டியிருக்கிறார். அவருடைய மகனுக்கு வலிப்பு உண்டு. டிவியில் கற்றுக்கொண்டதல்ல.

அந்தச் சால்வை எதற்கு என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வலிப்பின்போது சிறுநீர் போய்விடுவதுண்டு. எந்தத் தொடரிலும் எந்தக் கதாநாயகியும் ஈரமான உடையோடு கண் விழித்து நான் பார்த்ததில்லை. பல் உடைந்ததைவிட, முப்பது பேர் முன்னால் அப்படிக் கிடந்தேனா என்ற கேள்விதான் என்னைப் பல மாதம் தூங்கவிடவில்லை. அவர் போர்த்திவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் மீண்டும் அந்த அலுவலகத்துக்குள் காலை வைக்க முடிந்தது. நான் பார்த்த முதலுதவிப் பட்டியல் எதிலும் இது இல்லை. நான் எழுதினால் முதல் மூன்றுக்குள் வைப்பேன்.

இன்னொன்றும் திரையில் தப்பு. இழுப்பு நின்றதும் அவர்கள் எழுந்து உட்கார்ந்து பேசுவார்கள். எனக்கு அரை மணி நேரம் யாரையும் தெரியவில்லையாம். ஆம்புலன்ஸில் வந்தவர் பெயர் கேட்டதற்கு முறைத்துப் பார்த்தேனாம், எழுந்து வாசல் பக்கம் நடக்கப் பார்த்தேனாம். தலைவலி இரண்டு நாள், உடம்பு வலி நான்கு நாள். இந்தக் குழப்ப நேரத்தில் தடுத்து மடக்கினால் ஆள் மிரண்டு தள்ளிவிடுவார். மெதுவாகப் பேசிக்கொண்டு, மாடிப்படி பக்கமோ சாலைப் பக்கமோ போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். முழுசாகத் தெளியும் முன் தண்ணீர், மாத்திரை எதையும் வாயில் ஊற்றக் கூடாது.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு நேரம் இழுத்தது?" ஒருவர் இரண்டு நிமிடம் என்றார், இன்னொருவர் பத்து நிமிடம் என்றார், மூன்றாமவர் அழுதுகொண்டிருந்தார். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் என்பது ஒரு எல்லைக்கோடு. பெரும்பாலான வலிப்புகள் அதற்குள் தானாகவே நின்றுவிடும். அதைத் தாண்டினாலோ, தெளியாமலேயே அடுத்தது தொடங்கினாலோ தாமதிக்காமல் ஆம்புலன்ஸ் அழைக்க வேண்டும், மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும். வாழ்க்கையில் முதல் வலிப்பு என்றாலும், கர்ப்பிணி என்றாலும், தண்ணீரில் நடந்தாலும், தலையில் அடிபட்டிருந்தாலும் ஐந்து நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம். பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத்தான் தெரியும். அதனால் முதல் வேலை போனில் நேரம் பார்ப்பது.

அடுத்த வாரம் நரம்பியல் டாக்டரிடம் போனோம். ஸ்கேனை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து "இதோ இங்கேதான்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். எம்.ஆர்.ஐ. நார்மல். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யும் நார்மல். தலைமுடியெல்லாம் பசை அப்பி, வேகமாக மூச்சு விடச் சொல்லி, கண் முன்னால் விளக்கைப் படபடவென்று மின்னவிட்டு அரை மணி நேரம் எடுத்தது வீணா என்று கேட்டேன். வலிப்பு வராத நேரத்தில் எடுத்தால் நார்மலாக இருப்பது சகஜம், அதனால் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்றார்.

(அந்த மின்னும் விளக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வலிப்பு என்றாலே பளிச் பளிச் வெளிச்சம்தான் காரணம் என்று தொடர்களில் காட்டுவார்கள். நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் அப்படி வரும். ஆனால் வந்தால் சாதாரணமில்லை. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் கார்ட்டூனின் ஒரு எபிசோடில் சிவப்பும் நீலமும் மாறி மாறி வேகமாக மின்னியதைப் பார்த்து 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். டிவி வலிப்பைத் தப்பாகக் காட்டியது போதாது என்று ஒரு நாள் வலிப்பையே வரவழைத்திருக்கிறது. எனக்கு அந்த வகை இல்லை என்று இ.இ.ஜி.யில் தெரிந்தது. அதனால்தான் சோபாவும் தொடரும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.)

அப்புறம் டாக்டர் என்னை விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி ஏதாவது வித்தியாசமா பார்த்திருக்கீங்களா? யார் கூடவே இருக்கறது?" அக்கா கொஞ்சம் தயங்கி, திமிர் கதையைச் சொன்னாள். அவர் பேனாவை வைத்துவிட்டு, கண்ணை ஓரிடத்தில் நிறுத்தி, வாயை இரண்டு முறை சப்புக்கொட்டி, சட்டையின் பட்டனை விரலால் நோண்டிக் காட்டினார்.

"இதேதான் டாக்டர்" என்றாள் அக்கா. உடனே அழ ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு வருடம் புரியாத வியாதி, எந்த மெஷினும் காட்டாத வியாதி, பக்கத்தில் இருந்தவளின் பேச்சில் ஐந்து நிமிடத்தில் பிடிபட்டது. நோயாளிக்கே எதுவும் தெரியாத நோய் இது. எனக்கு நினைவில்லை, டாக்டர் அங்கே இல்லை. பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. அந்தப் பார்த்தவருக்கு எதைப் பார்க்க வேண்டும் என்று டிவி தப்பாகச் சொல்லிக்கொடுத்திருந்தால்?

அதனால் டாக்டர் கேட்டது வீடியோ. அடுத்த முறை வந்தால், முதலில் பாதுகாப்பாகப் படுக்கவைத்துவிட்டு, இன்னொருவர் இருந்தால் அவர் போனில் எடுக்கட்டும் என்றார். முகம் மட்டும் போதாது, இரண்டு கைகளும் தெரிய வேண்டும். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பது முக்கியம். எந்தப் பக்கம் முதலில் இழுக்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பதிவாக வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், ஏதாவது ஒரு சொல்லைச் சொல்லி நினைவில் வைக்கச் சொல்ல வேண்டும். நின்ற பிறகும் உடனே அணைத்துவிடாமல், பேச்சு எப்போது திரும்புகிறது என்பது வரை ஓடவிட வேண்டும். அக்கா எடுத்த முதல் வீடியோ முக்கால்வாசி தரைதான். இரண்டாவது நன்றாக வந்தது. அதில் என் இடது கை மட்டும் விறைத்து மடங்குவது தெரிந்தது. எந்தப் பக்க மூளை என்று அவர் அதிலிருந்துதான் ஊகித்தார். இந்த வீடியோவை டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் அனுப்புவதில்லை என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.

தொடர்களில் நோயின் பெயர் தெரிந்ததும் எபிசோட் முடிந்துவிடும். எனக்கு அங்கேதான் தொடங்கியது. முதலில் கொடுத்தது லெவெடிரசெட்டம். வலிப்பு குறைந்தது, கோபம் ஏறியது. கதவு சத்தமாகச் சாத்தினாலே பாய்ந்து விழுவேன். மூன்று மாதம் நான் கெட்டவளாகிவிட்டேன் என்றே நம்பினேன். அது அந்த மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவு என்று டாக்டரிடம் சொன்ன பிறகுதான் தெரிந்தது. சொல்லவே வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதத்தைக் கழித்தது என் முட்டாள்தனம். பிறகு லாமோட்ரிஜினுக்கு மாற்றினார். அதைத் துளித்துளியாக, வாரக்கணக்கில்தான் ஏற்ற வேண்டும், தோலில் தடிப்பு வந்தால் உடனே வர வேண்டும் என்றார். பழையதை நானாக நிறுத்தக் கூடாது என்று இரண்டு முறை சொன்னார், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மொத்தமாகக் கிளம்பும்.

பதினான்கு மாதம் எதுவும் வரவில்லை. ஒரு பயணத்தில் மாத்திரைப் பெட்டியைப் பெரிய பையில் போட்டுவிட்டு இரண்டு வேளை தவறவிட்டேன், தூக்கமும் இல்லை. வந்துவிட்டது. இப்போது ஒரு வாரத்துக்கான மாத்திரை எப்போதும் கைப்பையில் இருக்கும். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை, "ஆள் உள்ளே" என்று ஒரு அட்டையைக் கதவில் மாட்டிவிடுவேன். அடுப்பில் பின்பக்க பர்னரைத்தான் பயன்படுத்துவேன். சலிப்பான விஷயங்கள்தான், எந்தத் தொடரிலும் வராது. சரியான மருந்து கிடைத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பே வராமல் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஏழு பேரும் நடத்துவது இந்தச் சலிப்பான வாழ்க்கையைத்தான் என்று நினைக்கிறேன்.

என் கதைக்குப் பிறகு அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி வைத்தார்கள். பயிற்சியாளர் வந்ததும் முதல் வேலையாக, "சீரியல்ல பார்த்ததையெல்லாம் மறந்துடுங்க" என்றார். மார்பை அழுத்தும் சி.பி.ஆர். காட்சிகளில் நடிகர்களின் முழங்கை மடங்கியே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? கீழே படுத்திருப்பவர் உயிரோடு இருக்கும் நடிகர், நிஜமாக அழுத்தினால் விலா எலும்பு முறியும். நிஜத்தில் முழங்கை நேராக இருக்க வேண்டும், பெரியவர்களுக்கு ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. பொம்மை மேல் இரண்டு நிமிடம் செய்வதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. மானிட்டரில் நேர்க்கோடு வந்ததும் ஷாக் கொடுப்பார்களே, அதுவும் தப்பு. ஷாக் என்பது தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை ஒழுங்குபடுத்த. நேர்க்கோட்டில் துடிப்பே இல்லை, அங்கே அழுத்துவதும் மருந்தும்தான்.

1996இல் அமெரிக்காவில் மூன்று டிவி தொடர்களில் வந்த 60 சி.பி.ஆர். காட்சிகளை எண்ணியிருக்கிறார்கள். நான்கில் மூன்று பேருக்கு அப்போதைக்கு உயிர் திரும்பியிருக்கிறது. நிஜத்தில், வசதியான நாடுகளில்கூட, ஆஸ்பத்திரிக்கு வெளியே இதயம் நின்றவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். "அதனால செய்ய வேண்டாம்னு இல்ல, நீங்க செய்யலேன்னா அந்த ஒருத்தரும் இல்ல" என்றார் பயிற்சியாளர்.

அவர் சொன்னதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது இன்னொன்று. இதயம் நிற்கும் அந்தக் கணத்தில் சிலருக்கு உடம்பு சில விநாடி வெட்டி இழுக்கும். பார்க்க வலிப்பு போலவே இருக்கும். அதனால் இழுப்பு நின்றதும் மூச்சைப் பார்க்க வேண்டும். குறட்டை போல, சத்தத்தோடு என்றாலும் சீராக மூச்சு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கலாம். மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒரு திணறல் மட்டும் வருகிறது என்றால் அது வலிப்பு அல்ல. உடனே உதவிக்கு அழைத்துவிட்டு மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். ஸ்பூன் கொண்டுவந்தவர் அன்று முன்வரிசையில் உட்கார்ந்து இதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இவ்வளவு திட்டிவிட்டு இதையும் சொல்லாவிட்டால் தொடர்களுக்குத் துரோகம். ஜெர்மனியின் மார்பர்க் நகர மருத்துவமனைக்கு 2012இல் 55 வயதுக்காரர் ஒருவர் வந்தார். இதயம் பலவீனம், கண் மங்கல், காது கேட்கவில்லை, காய்ச்சல். காரணம் யாருக்கும் பிடிபடவில்லை. அங்கிருந்த பேராசிரியர் யுர்கன் ஷேஃபர், ஹவுஸ் தொடரை வைத்தே மாணவர்களுக்கு வகுப்பு எடுப்பவர். செயற்கை இடுப்பு மூட்டிலிருந்து கோபால்ட் என்ற உலோகம் கசிந்து ஒருவர் விஷமேறிக் கிடக்கும் எபிசோட் அவருக்கு அத்துப்படி. இந்த நோயாளிக்கும் உடைந்த பீங்கான் மூட்டை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்திருந்தார்கள். உள்ளே மிச்சமிருந்த பீங்கான் துகள்கள் உலோகத்தை அரைத்துக்கொண்டிருந்தன. ரத்தத்தில் பார்த்தால் கோபால்ட். 2014இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார்கள். அக்கா இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நாம பார்த்தது வீண் போகல" என்றாள். அவர் மருத்துவம் படித்துவிட்டுப் பார்த்தார், நாம் பார்த்துவிட்டு மருத்துவம் படித்ததாக நினைத்துக்கொண்டோம் என்றேன். தலையணையை எடுத்து அடித்தாள்.

போன வாரம் ஒரு தொடரில் மறுபடியும் அந்தக் காட்சி. ஒரு பெண் விழுகிறாள், இழுக்கிறது, மூன்று டாக்டர்கள் பாய்ந்து தோளை அமுக்குகிறார்கள். அக்கா அனிச்சையாகப் போனை எடுத்து நேரம் பார்த்தாள். "ஏய், கையை எடுங்கடா, ஒருக்களிச்சுப் படுக்க வைங்கடா" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். இழுப்பு நின்றது. அந்தப் பெண் கண் திறந்து, கலையாத தலைமுடியோடு, பக்கத்தில் நின்றவனிடம் தன் காதலைச் சொன்னாள்.

"நாப்பது செகண்டு" என்றாள் அக்கா போனைப் பார்த்துக்கொண்டே. "உனக்கெல்லாம் என் பேரே அரை மணி நேரம் ஞாபகம் வரல."